“இதன் ஒரிஜினல் எங்கே?”: கவின் கலைக் கல்லூரிக் கண்காட்சிகளில் சந்தித்தவர்கள்

ஜிங்க் தகடு எழுதியது:

ஆண்டு இறுதிக் கண்காட்சி என்பது பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது. மாணவனுக்கோ தன் படத்துக்குப் பக்கத்தில் கால் கடுக்க நிற்கும் வேலை. படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் திமிர் என்பார்கள். முன்னால் போய்ப் பேசினால் விற்க வருகிறான் என்று நகர்ந்துவிடுவார்கள்.

நான் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில், பதிப்போவியப் பிரிவு; அதாவது தகட்டில் வரைந்து, மை பூசித் தாளில் அச்சிட்டு எடுக்கும் படம். பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். ஆனாலும் சென்ட்ரலுக்குப் பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலர் கண்காட்சிக்குத்தான் முதல்முறையாக உள்ளே வருவார்கள். நேராக ஓவியப் பிரிவுக்குப் போவார்கள். அங்கே பெரிய கேன்வாஸ், கண்ணைப் பறிக்கும் வண்ணம். அடுத்து சிற்பம்; அங்கே செல்ஃபி. எங்கள் அறைக்கு வந்து சேரும்போது ஆர்வம் தீர்ந்திருக்கும். சுவரில் கறுப்பு வெள்ளையில் சிறிய சிறிய தாள்கள். கீழே பென்சிலால் 2/8, 5/8 என்று ஏதோ எழுதியிருக்கும்.

அதைக் கண்டதும் தவறாமல் வரும் கேள்வி: “இது பிரதிதானே? இதன் ஒரிஜினல் எங்கே?”

பதில் நீளமானது. ஜிங்க் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் இறக்க வேண்டும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கருமை. பிறகு பூச்சை நீக்கி, மை தேய்த்து, பள்ளத்தில் இறங்கிய மையை விட்டுவிட்டு மேல்பரப்பை மட்டும் மல் துணியால் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் வைத்து, கம்பளி போர்த்தி, உருளைகளுக்கு இடையே ஓட்ட வேண்டும். அடுத்த தாளுக்கு மை தேய்ப்பதிலிருந்து எல்லாம் மறுபடி. எட்டுத் தாள் எடுத்தால் எட்டுமே ஒரிஜினல். 2/8 என்றால் எட்டில் இரண்டாவது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பக்கத்து அறைக்குப் போயிருப்பார்.

இறுதி ஆண்டில் படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டுத் தகட்டையே வைத்துவிட்டேன். பெரியமேட்டுத் தோல் கடை ஒன்றின் முகப்பு, பெயர்ப் பலகையோடு. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் சிறுவன் ஒருவன் தகட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணா, இதில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. திருப்பியா எழுதினீர்கள்?” ஆமாம் என்றேன். “அந்த ‘ஜூ’வையுமா?” அதையும்தான். அவன் போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, தகடு, மை, தாள் என்று தானே விளக்கினான். என் விளக்கத்தைவிட அது எவ்வளவோ சுருக்கம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. அறுபதைத் தாண்டியவர், அரைக்கைச் சட்டை. எல்லோரையும்போல நேராக நின்று பார்க்கவில்லை. சுவரோரம் போய்த் தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் தாளின்மேல் சரிந்து விழும்படி பார்த்தார். தகட்டின் ஓரம் அழுந்தித் தாளில் மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றிலும் விழுந்திருக்கும். அதைத்தான் பார்க்கிறார்!

“இடது பக்கம் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதே, தம்பி. உருளையா, மேலே போர்த்தும் கம்பளிப் பேக்கிங்கா?”

திருவல்லிக்கேணியில் டிரெடில் மிஷின், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம், ஓட்டியவராம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தேர்தல் நேரத்தில் நோட்டீஸ். ஆஃப்செட் வந்தபின் அந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். என்ன தாள், எத்தனை நேரம் ஊறவைப்பீர்கள், மையில் எண்ணெய் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வந்தார். படத்துக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பள்ளத்தைக் காட்டிச் சொன்னார்: “எங்களிடம் அழுத்தம் தாளில் தெரிந்தால் முதலாளி திட்டுவார். நீங்கள் அதையே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்!” சிரித்துவிட்டேன். தேர்வுக்கு வந்த எவரும் என்னிடம் இவ்வளவு கூர்மையாகப் பேசியதில்லை. பிரஸ்ஸைக் காட்டுகிறேன் என்று பட்டறைக்கு அழைத்துப்போனேன். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கிரீஸ் போடச் சொல்லுங்கள்” என்றார்.

உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருப்பார்கள். எழுதுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் என் தங்கை சிற்பம் படித்தாள். அவளுடைய கண்காட்சிக்குப் போயிருந்தபோது சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி வந்திருந்தார். கல்லூரிக்கும் சுவாமிமலைக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் குறைவு.

கூடத்தின் நடுவில் ஆளுயர உருவம் ஒன்று, வெண்கல நிறத்தில். ஸ்தபதி விரல் முட்டியால் தட்டினார். டொக் என்றது. “ஃபைபரா?” செய்த பையன் தலையை ஆட்டினான். அந்த அளவில் வெண்கலம் வார்க்க மாணவன் எங்கே போவான்? ஸ்தபதிக்கும் அது தெரியும், குறை சொல்லவில்லை. தங்கை செய்திருந்த சாண் உயர வெண்கலப் பெண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பின் கவிழ்த்தார். உலோகம் உள்ளே போன வாயையும் காற்று வெளியேறிய வழியையும் அறுத்து ராவிய தடம் எங்கே என்று தேடினார். பாதத்தின் அடியில் இருந்தது. “நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறாய், முகத்தில் அரம் படவில்லை” என்றார்.

அதன்பின் பேச்சு, வார்ப்பதற்கு முன் உருவத்தைச் செய்துகொள்ளும் மெழுகுக்குப் போனது. தேன்மெழுகில் குங்கிலியம் எவ்வளவு சேர்ப்பது, வெயில் காலத்தில் எப்படி மாற்றுவது, மேலே பூசக் காவிரி வண்டலை எப்படி அரைப்பது. கழுத்து நீட்டமாக இருக்கிறதே, எந்தத் தாளக் கணக்கு (சிற்ப சாஸ்திரத்தின் உடல் அளவு முறை) என்றும் கேட்டார். கணக்கு எதுவும் இல்லை, எங்கள் அத்தையின் கழுத்து என்றாள் தங்கை. “அப்படியானால் சரி” என்று வைத்துவிட்டார். லீவில் பட்டறைக்கு வரச் சொன்னார். போனாள். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

சூளை எழுதியது:

எனக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம். நான் செராமிக். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. எங்களுக்குக் கொடுத்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துத்தான் ஜாடிகளை அடுக்கினோம். இரண்டாம் நாள் யாரோ சாய்ந்துகொண்டு போன் பேச, இரண்டு ஜாடி தரையில். அந்த மனிதர் பதறிப்போய் பர்ஸை எடுத்து, “தம்பி, ஒரு பானை இருநூறு இருக்குமா?” என்றார். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த, மெருகு (கிளேஸ்) பூசிய ஜாடி அது. அதே மெருகு மறுபடி அதே நிறத்தில் வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பணம் வேண்டாம் என்றேன். அவரோ விடாமல் மறுநாள் வந்து, உடையாத ஒன்றை நான் சொன்ன விலைக்கே வாங்கிப்போனார். மேசை கடைசி நாள்வரை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கூச்சக்காரன் எழுதியது:

கண்காட்சிக்குப் போனால் பிடித்ததை வாங்கத் தோன்றுகிறது. மாணவர்களிடம் விலை கேட்டால் தப்பாக நினைப்பார்களா? ஜிங்க் தகடு பதில் சொன்னால் நல்லது.

ஜிங்க் தகடு எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள். விற்பது கேவலம் என்ற எண்ணம் எங்கள் கல்லூரி மரபிலேயே கிடையாது. கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில், ஓவியர்களும் மாணவர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் எழ அந்தப் பணம்தான் கைகொடுத்தது. பேரம் பேசலாமா என்றால், பேச வேண்டாம் என்பேன். தாள், மை, தகடு எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. வாங்கவில்லை என்றாலும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பதிப்போவியம் வாங்கினால் பென்சில் கையெழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், தாள் பாழாகிவிடும். ஃபிரேம் கடையில் கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள். ஓரத்துப் பள்ளத்தை மறைத்து வெட்டிவிடுவார்கள். அது வெளியே தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெயில் நேராக அடிக்கும் சுவரும் மழைக்கு ஓதம் காக்கும் சுவரும் ஆகாது.