சாரப்பருப்புச் செடி போட்டவங்க கொஞ்சம் வாங்க, விதையை எப்படி முளைக்க வைக்கறது?

கனகபுரா ரோடு:
முதல்ல ஒண்ணு. நம்ம பெங்களூரு சிக்பேட்டைக் கடைகள்ல சிரோஞ்சின்னு (சாரப்பருப்போட இந்திப் பேரு) எடை போட்டுத் தர்ற பருப்பை மண்ணுல புதைச்சுட்டுக் காத்திருக்காதீங்க. ஓடு நீக்கி வெயில்ல காய வெச்ச சரக்கு அது; அழுகத்தான் செய்யும். ஓட்டோட இருக்கிற கொட்டை வேணும், அதுவும் அந்த வருஷத்துக் கொட்டையா இருக்கணும். பழம் ஏப்ரல், மே மாசத்துல கறுத்துப் பழுக்கும். ராத்திரி ஊறப் போட்டு, காலைல பிசைஞ்சு சதையைக் கழுவி, நிழல்ல உலர்த்துங்க. வெச்சிருக்க வெச்சிருக்க முளைப்புத்திறன் குறையும். ஜூன்லயே விதைச்சுடறது நல்லது.

பேகூர் தோட்டம்:
ஓடு கல்லு மாதிரி இருக்கும். ஆனா அதைச் சுத்தி ஒரு கோடு ஓடுது பாருங்க, அதுதான் பிடி. கோடு மேல வர்ற மாதிரி நிக்க வெச்சு, சின்னச் சுத்தியலால லேசாத் தட்டுங்க. விரிசல் விட்டதும் நிறுத்திடணும். பருப்பு நசுங்கினா பூஞ்சை பிடிச்சுடும். தட்டாமப் போட்டா கொஞ்சம்தான் முளைக்கும், அதுவும் ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி.

ஆணிவேர் நேரா கீழே இறங்கும், அதனால ஒரு அடி உயரப் பை. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கின தொழுவுரம் 1. விதை 2 செ.மீ. ஆழத்துல. நம்ம ஊர் ஜூலைத் தூறல்தான் எமன். பை காயவே காயாது, தண்டு அடியில அழுகிச் சாயும். கூரை ஓரமா வெச்சு, மேல்மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க.

ஜெயநகர் மாடி:
தொட்டியில புதர் மாதிரி வளர்க்க முடியுமா சார்?

கனகபுரா ரோடு:
நாற்று வரைக்கும் சரி. இது மா, முந்திரி குடும்பத்து மரம்ங்க, ட்ரம்ல வேர் சுருண்டு நின்னுபோகும். நிலம் இருந்தா 60 செ.மீ. குழி, 8 மீட்டர் இடைவெளி. சரளைச் செம்மண்ல நல்லா வரும். தண்ணி தேங்குற ஏரியோரக் களிமண் ஆகாது. குட்டையா வெச்சுக்கணும்னா அறுவடை முடிஞ்ச கையோட கவாத்து பண்ணுங்க. பூ கிளை நுனியில ஜனவரியிலேர்ந்து வரும்; டிசம்பர்ல வெட்டினா அந்த வருஷக் காய் போச்சு. விதைச்செடி காய்க்கப் பல வருஷம் ஆகும், அவசரக்காரங்க ஒட்டுச்செடி தேடுங்க.

(இதோட தாவரப் பெயர் Buchananiaல இருக்கிற புக்கானன், 1800ல மைசூர் நாட்டைச் சுத்திக் குறிப்பெழுதின அதே ஆள்தான்.)

அல்சூர் சமையல்:
கடையில வாங்கும்போது ஒரு பருப்பைக் கடிச்சுப் பாருங்க. பாதிக்குப் பாதி எண்ணெய், சீக்கிரம் சிக்கு வாடை ஏறும். கசந்தா வேண்டாம். வீட்டுல கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. ஒரு லிட்டர் பால் பாயசத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும். நெய்யில சின்னத் தீயில வறுத்து, லேசா உப்பினதும் எடுத்துடுங்க; சிவக்க விட்டா கசக்கும். குருமாவுக்கு முந்திரிக்குப் பதிலா அரை மணி நேரம் ஊற வெச்சு அரைக்கலாம். முந்திரி ஒத்துக்காதவங்களுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீங்க.