லிஃப்ட் இருந்தால் போதுமா?

மாம்பலத்தான்: "லிஃப்ட் உள்ள ஃப்ளாட் வாங்கிக் கொடுத்தால் போதும், வயதானவர்கள் யார் தயவும் இல்லாமல் காலம் தள்ளலாம்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். அந்த லிஃப்டுக்கு முன்னால் உள்ள ஆறு படிகளை யார் ஏறுவது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலரும் தரையை உயர்த்தித்தான் கட்டுகிறார்கள்.

குரோம்பேட்டை கிரி: மேதாவி நான்தான். கார் ஏறும் சரிவு எதற்கு இருக்கிறது? அதில் நடக்கலாமே.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்: கார் சரிவில் முதியவர் நடப்பதா? நடைக்கும் சக்கர நாற்காலிக்கும் சரிவு 1:12. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி உயர்த்தினால் 36 அடி, நடுவில் நின்று மூச்சுவாங்க சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. உங்கள் பில்டர் எட்டடியில் முடித்திருப்பார். அது சரிவில்லை, சறுக்குமரம்.

கிரி: என் அம்மா தினமும் அதில்தான் இறங்குகிறார். ஒன்றும் ஆகவில்லை.

இன்ஜினியர்: இன்னும் ஆகவில்லை என்று எழுதுங்கள். நீளம் எத்தனை அடி?

கோவை ராஜி: இதற்குத்தான் எங்கள் ஊர்ப்பக்கம் முதியோர் குடியிருப்புகள் வந்தன. சமையல், நர்ஸ், அவசர மணி, எல்லாம் உள்ளேயே.

மாம்பலத்தான்: ஊருக்கு வெளியே, பஸ் வராத இடத்தில். காசுள்ளவர்களுக்கான தீவு!

ஈசூன் செல்வா: சிங்கப்பூரில் கம்போங் அட்மிரல்டியைப் பாருங்கள். முதியோர் வீடுகள், மருத்துவ மையம், உணவங்காடி, குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒரே வளாகத்தில், ரயில் நிலையத்தை ஒட்டியே. பல சிக்னல்களில் முதியவர் தன் முதியோர் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால் சாலையைக் கடக்கக் கூடுதல் வினாடிகள் கிடைக்கும். 2009-லேயே வந்துவிட்டது.

கிரி: வந்துவிட்டார் சிங்கப்பூர் தூதர். இங்கே சிக்னல் எரிந்தாலே பெரிய விஷயம்.

செல்வா: பெற்றோரை விட்டுப் போனவன் பேசக் கூடாது என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? பொங்கல் சமயத்திலும் இதையே சொன்னீர்கள்.

கிரி: சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

ராஜி: இரண்டு பேரும் தனியாகச் சண்டை போடுங்கள். தீவு என்றவர் ஒருமுறையாவது எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்கிறாரா?

மாம்பலத்தான்: மாதச் சந்தா எவ்வளவு என்று முதலில் போடுங்கள், வருகிறேன்.

இன்ஜினியர்: எல்லோரும் எங்கேயோ போகிறீர்கள். வீட்டுக்குள் என்ன வசதி இருந்தாலும் தெருவுக்கு இறங்க முடியாவிட்டால் மருந்துக்கடைக்குக்கூட இன்னொருவரைத்தான் கெஞ்ச வேண்டும். கிரி, நீளம்?

கிரி: மழைநீர்த் தொட்டி விவாதத்திலும் இப்படித்தான் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

இன்ஜினியர்: அந்தத் தொட்டியில் இன்றைக்கும் தண்ணீர் இறங்குவதில்லை. 1:12. நீளம் எத்தனை அடி?

கிரி: அளக்க முடியாது. என்ன செய்வீர்கள்?

இன்ஜினியர்: மறுபடியும் கேட்பேன்.

ராஜி: சந்தா கேட்டவரே, அதில் சாப்பாடும் அடக்கம், தெரியுமா?