இன்குபேட்டர் குஞ்சுக்குக் கால் விரியுது: பிறவிக் கோளாறா, தரையா?

கொழிஞ்சாம்பாறை கோழி:
சிறுவிடைங்கிற நாட்டுக்கோழி ரகத்துக் குஞ்சுங்க. பொரிச்சதும் செய்தித்தாள் விரிச்ச பெட்டிக்கு மாத்தினா சிலதுக்கு ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சிடுது. அடைக்கோழி பொரிச்சதுக்கு இப்படி வரலை. நடை பிறவியிலேயே வர்றதுதானே, தரை எப்படிக் கெடுக்கும்? பொரிக்கிறப்ப முட்டை ஓட்டை நாமளே உடைச்சுக் குஞ்சை வெளிய எடுத்தா உதவியா இருக்குமா?

பொள்ளாச்சி நாட்டுக்கோழி:
செய்தித்தாளைத்தான் முதல்ல பழி சொல்லணுங்க.

கால் மாறி மாறி எட்டு வைக்கிற ஒழுங்கு தண்டுவடத்துலயே இருக்கு. கால்ல இருந்து உணர்வு கொண்டுபோற நரம்பை அறுத்த பிறகும் பூனையோட கணுக்கால் தசைகள் மாறி மாறி இழுத்ததை 1911-லேயே கிரஹாம் பிரவுன்ங்கிற உடலியல் ஆய்வாளர் காட்டிட்டாரு. ஆனா பாதம் எங்க ஊனுது, எவ்வளவு பாரம் இறங்குதுங்கிற சேதி வராம அந்த ஒழுங்கு நடையா உருப்படாது. வழுக்குற தாள்ல ஒவ்வொரு தடவை ஊனும்போதும் கால் வெளியே ஓடுது. குஞ்சு அதையே பழகிக்குது. அடைக்கூட்டுல வைக்கோல் இருக்கு, விரல் பிடிச்சு நிக்குது.

தாளுக்குப் பதில் துவைச்ச கோணிச்சாக்கு விரிங்க. விரிஞ்ச குஞ்சுக்கு ஒட்டுற பேண்டேஜை நீளவாக்குல ரெண்டா வெட்டி, ரெண்டு காலையும் 2 முதல் 2.5 செ.மீ. இடைவெளியில கட்டுங்க. பசைப்பக்கம் பசையோடவே ஒட்டணும். காலையிலயும் சாயங்காலமும் பாருங்க. விரல் வீங்கினா இறுக்கம். 2-4 நாள்ல நிமிரும். பொரிச்ச அன்னிக்கே ஆரம்பிக்கணும், ஒரு வாரம் தள்ளினா சிரமம். தண்ணித் தட்டுல கூழாங்கல் போடுங்க, இல்லாட்டி கட்டோட விழுந்து மூழ்கிடும்.

வேலந்தாவளம் பண்ணை:
கட்டறதுக்கு முன்னாடி கணுக்கால் மூட்டைத் (காலோட நடுவுல முழங்கால் மாதிரி தெரியற மூட்டு) தொட்டுப் பாருங்க. வீங்கி, பின்பக்கத் தசைநாண் ஒருபக்கமா நழுவியிருந்தா அது வேற. மாங்கனீசு, கோலின் சத்துக் குறைவுல வரும். விரல் உள்பக்கம் சுருண்டிருந்தா வைட்டமின் பி2 குறைவு. அதுக்கெல்லாம் கட்டு உதவாது, தாய்க்கோழி தீவனத்தைச் சரிபண்ணணும்.

பொள்ளாச்சி நாட்டுக்கோழி:
ஓட்டு விஷயம் விட்டுப்போச்சு. உடைக்காதீங்க. முட்டைக்குள்ள கழுத்து மடிஞ்சிருக்கிற உணர்வுதான் வெளிய வர்ற உதையைத் தூண்டுது. பெக்காஃப், காவர்ங்கிற ரெண்டு ஆய்வாளர்களும் 1982-ல, பொரிச்சு வெளிய வந்த குஞ்சைக் கழுத்தை மடிச்சுக் கண்ணாடி முட்டைக்குள்ள வெச்சாங்க. அதே உதை திரும்ப ஆரம்பிச்சுது. மூக்கால முதல் ஓட்டை விழுந்த பிறகு 12-24 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ரத்தக்குழாய் வத்தி, மஞ்சக்கரு வயித்துக்குள்ள போகணும். அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் வரும். 18-ம் நாள்ல இருந்து உருட்டறதை நிறுத்துங்க, ஈரப்பதம் 65-70%, மூடி திறக்கவே கூடாது. திறந்தா சவ்வு காய்ஞ்சு குஞ்சை ஒட்டிப் பிடிச்சிடும்.

கொழிஞ்சாம்பாறை கோழி:
கட்டினதும் குஞ்சு புரண்டு விழுதுங்களே?

வேலந்தாவளம் பண்ணை:
முதல் சில மணி நேரம் அப்படித்தான். கையில தாங்கி, ரெண்டு பாதமும் சாக்குல பதியற மாதிரி அஞ்சு நிமிஷம் நிறுத்தி விடுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. தீவனத்தைக் கிட்டக்கவே வெச்சிடுங்க.