புதுப்பிப்பு: மஷிகோ கிண்ணங்கள் வந்துவிட்டன

ஜப்பானில் மஷிகோவின் நவம்பர் மண்பாண்டச் சந்தையில் வாங்கிய பதினொரு கிண்ணங்களைப் பையில் தூக்கி வருவதா, தபாலில் அனுப்புவதா என்று கேட்டிருந்தேனே, தபாலிலேயே அனுப்பினேன், 9 நாளில் வந்துவிட்டது. பத்து நலம். ஒன்றில் மட்டும் விளிம்பு நகக்கண் அளவுக்குச் சில்லு போயிருக்கிறது, அதுவும் நான் கடைசி நேர அவசரத்தில் நடுவே காகிதம் வைக்காமல் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியதால்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

சுங்கப் படிவத்தில் விலையை உள்ளபடி எழுதி ரசீதையும் பெட்டிக்குள் வைத்தேன், ஒரு கேள்வியும் வரவில்லை.

சில்லு போனதுதான் எனக்குப் பிடித்த கிண்ணம். குயவர் ஹமாதா ஷோஜி வாழ்ந்த மஷிகோ என்றதும் நினைவுக்கு வரும் அந்தச் செம்பழுப்புக் 'காகி' மெருகு, அடிவளையத்தில் மட்டும் மெருகு படாத சொரசொர மண். அப்புறம் என்ன, அதில்தான் தினமும் தயிர்சாதம்.