காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு எதற்குப் பூட்டு?

பூட்டுப் போட்ட பாட்டு, பூட்டில்லாத பாட்டு இரண்டையுமே இணையத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பூட்டு என்றால், விற்றவர் அனுமதி இல்லாமல் வேறு கணினியிலோ கருவியிலோ பாட்டைத் திறக்க விடாத மென்பொருள் தடை (டிஆர்எம் என்பார்கள்). இரண்டுக்கும் என்ன கதி ஆனது என்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கைபேசி நிறுவனத்தின் பாட்டுக் கடையில் அப்பாவுக்காக நாதஸ்வரக் கச்சேரிகள் வாங்கினேன். எல்லாம் விண்டோஸ் மீடியா கோப்புகள், ஒவ்வொன்றையும் திறக்கச் சாவி மாதிரி ஒரு தனி உரிமம். பெங்களூர் அல்சூர் வீட்டில் காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் அப்பா பேப்பரையே பிரிப்பார். கணினியின் ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணியதும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைத் தம்பி கெட்டிக்காரர். ஒரு கோப்பு விடாமல் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டார். கல்யாண போட்டோக்கள் திறந்தன, பழைய கடிதங்கள் திறந்தன. பாட்டை அழுத்தினால் மட்டும் உரிமம் கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது.

"ஃபைல் முழுசா இருக்கு சார், சாவிதான் இல்ல" என்றார்.

அந்தச் சாவியைத் தர வேண்டிய சர்வரை நிறுவனம் அதற்குள் நிறுத்தியிருந்தது. "காசு கொடுத்துதானேடா வாங்கின?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பூட்டை உடைக்கும் மென்பொருள் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். சொந்தக் காசில் வாங்கிய பாட்டைக் கேட்க நான் ஏன் அதைத் தேடி அலைய வேண்டும்?

அப்புறம் 2012 பிப்ரவரியில் நம்ம பெங்களூர் ஃபிளிப்கார்ட், ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 கடை தொடங்கியது. பூட்டு கிடையாது. ஆசையாக வாங்கினேன். 2013 ஜூனில் அதையும் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வாங்கிய பாட்டெல்லாம் இன்றும் என் போனில் ஓடுகிறது, பென் டிரைவில் போட்டால் கார் ஸ்டீரியோவில் ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் அதுதான் துணை. இரண்டு கடையும் மூடியாச்சு. ஒன்றில் வாங்கிய பாட்டு கடையோடு போனது, இன்னொன்றில் வாங்கியது என்னிடமே இருக்கிறது.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டு பெருகும், கலைஞர் வயிற்றில் அடிப்பதாகும் என்பார்கள். கலைஞருக்குக் காசு போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் பூட்டு யாரைத் தடுத்தது? அப்போது ஆப்பிள் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த மடலில் ஒரு கணக்கு சொன்னார்: 2006-ல் இணையத்தில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, அதே ஆண்டு பூட்டே இல்லாத சிடிகளில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். திருட வேண்டும் என்றால் சிடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே! மாட்டிக்கொண்டது ஒழுங்காகக் காசு கொடுத்தவர்தான். 2007-லேயே இஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாட்டுகள் ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் பூட்டில்லாமல், இன்னும் நல்ல ஒலித்தரத்தில், 99 சென்ட்டுக்குப் பதில் 1.29 டாலருக்கு வந்தன. 2009-ல் மற்ற நிறுவனங்களின் பாட்டுகளுக்கும் பூட்டு போனது. கூடக் காசு கேட்டாலும் பரவாயில்லை, நான் பூட்டில்லாததைத்தான் வாங்குவேன்.

என் தங்கை மகளுக்கு ஸ்ட்ரீமிங் போதும். மாதச் சந்தாதான், சொந்தம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அதனால் அது சரி. "வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது கலைஞர்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக வாங்கி, அன்றே வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுகிறேன். தமிழில் இப்படிப் பூட்டில்லாமல் விற்கும் கலைஞர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், வாங்கத் தயாராக இருக்கிறேன்.