1,87,000 ஓடிய பழைய ஆட்டோமேட்டிக்: கியர் ஆயிலை மாற்றலாமா, கை வைக்காமல் விடலாமா?

தாம்பரத்தான்:
வணக்கம். 2010 மாடல் ஹோண்டா சிட்டி, 5 கியர் ஆட்டோமேட்டிக். மூன்றாவது ஆளாக வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை 1,87,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு முன்னவர்கள் கொடுத்த கோப்பில் ஒரு பில்கூட இல்லை. அதனால் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒன்றரை வினாடி சும்மா நிற்கிறது, அப்புறம் 'டொக்' என்று பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் 400, 500 தனியாக எகிறி, அதன் பிறகுதான் கியர் விழுகிறது. பெருங்களத்தூர் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தால் இது இன்னும் மோசம். கியர் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. எங்கள் தெருமுனை மெக்கானிக் "கை வைக்காதீங்க சார், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார். மாற்றினால் பிழைக்குமா, செத்துவிடுமா?

ஸ்பானர்_கை:
அவர் சொன்னதுதான் சரி. 22 வருடமாகப் பட்டறையில் நிற்கிறவன் சொல்கிறேன். இத்தனை நாள் மாற்றாத ஆயிலில் கிளட்ச் பிளேட் தேய்ந்த தூள் கலந்திருக்கும். பிளேட் வழுக்காமல் இருப்பதே அந்தத் தூளின் புண்ணியத்தில்தான். புது ஆயிலில் கழுவும் ரசாயனம் உண்டு. அது உள்ளே படிந்த அழுக்கைக் கிளப்பி எந்தக் கியருக்கு ஆயில் போக வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வ் பாடியின் ஊசிமுனைச் சந்துகளில் கொண்டுபோய் அடைக்கும். ஓட்டிக்கொண்டு வந்த வண்டி, ஆயில் மாற்றி அனுப்பி ஒரே மாதத்தில் கயிறு கட்டி இழுத்து வந்ததை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் திட்டு வாங்கியது நான்.

நான்காம்_கியர்:
அண்ணே, ஒரே கேள்வி. அந்த மூன்று வண்டியும் உங்களிடம் எதற்காக வந்தன? கியர் வழுக்குகிறது என்றுதானே? நன்றாக ஓடுகிற வண்டிக்கு நம் ஊரில் எவன் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மாற்றுகிறான்? பாதி உயிர் போன பிறகு கொண்டுவருகிறார்கள், நீங்கள் ஆயில் மாற்றுகிறீர்கள், மீதி உயிரும் போகிறது, பழி ஆயில் மேல். ஐசியுவில் நிறையப் பேர் சாகிறார்கள் என்பதற்காக ஐசியுதான் கொல்கிறது என்போமா?

தூள் கதைக்கு வருகிறேன். பிளேட் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மருந்து. சூட்டில் அது சிதைகிறது. ஆயிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கருக்கிறது. அதே ஆயில்தான் பிரஷர் கொடுக்கிறது, சூட்டைக் கடத்துகிறது, கியர் பற்களுக்கு வழவழப்பும் தருகிறது. இந்த வேலைகளெல்லாம் கெட்டுப்போன பிறகு தூள் மட்டும் தாங்கிப் பிடிக்கிறது என்றால், அந்தப் பிளேட்டில் மீதி என்ன இருக்கும்? பாக்ஸ் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் மாற்றாமல் விட்டாலும் போகத்தான் போகிறது.

ஸ்பானர்_கை:
தம்பி, கணக்கெல்லாம் சரி. "போகத்தான் போகிறது" என்று சொல்கிறீர்களே, அது இன்னும் எட்டு மாதம் கழித்துப் போகலாம். நான் கை வைத்தால் அடுத்த வாரம் போகலாம். அந்த எட்டு மாதம் வண்டிக்காரருக்குக் காசு. பாக்ஸை இறக்கிப் பிளேட், சீல், லேபர் என்று போட்டால் இந்த வண்டி விற்கிற விலையில் பாதி வரும்.

ஆயுள்_ஆயில்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சில ஜெர்மன் கார்களில் ஏடிஎஃப் ஆயுள் முழுக்கப் போதும், மாற்றவே வேண்டாம் என்கிறார்களே? அப்படியானால் ஸ்பானர் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறதுதானே.

நான்காம்_கியர்:
யாருடைய ஆயுள் என்று கேட்டீர்களா? அந்தக் கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுப்பது இசட்எஃப் நிறுவனம். கார் நிறுவனம் மாற்ற வேண்டாம் என்கிறது. பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பாக்ஸைப் பெற்றவள் பேச்சைத்தான் நான் கேட்பேன்.

இன்னொரு சுவாரசியம். ஒரு காலத்தில் இந்த ஆயிலில் உராய்வு மருந்தாகத் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்டதும் வேறு மருந்து தேட வேண்டியதாகிவிட்டது. உராய்வு மருந்து அவ்வளவு முக்கியமான சரக்கு.

ஈரோட்டுக்காரி:
இரண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தாம்பரத்தார் அளவைச் சரியாகப் பார்த்தாரா என்று யாராவது கேட்டீர்களா? டொயோட்டாவில் இன்ஜின் ஓடும்போது கேஜ் பார்ப்போம். ஹோண்டாவில் முறை வேறு. இன்ஜின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுற்ற வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஆயில் குறைந்திருந்தாலும் இதே போலக் கியர் வழுக்கும்.

அப்புறம் அந்த 'டொக்'. என் வண்டியில் அது கியர்பாக்ஸே இல்லை, இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் கியர்பாக்ஸ் போச்சு என்று எத்தனை பேர் என்னைப் பயமுறுத்தினார்கள்! ஆனால் 2-3 இடையே ஆர்பிஎம் எகிறுவதற்கு மவுண்ட் காரணமாக முடியாது. டேஷ்போர்டில் 'டி' விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் ஸ்கேனர் போடாமல் ஒரு சொட்டு ஆயில்கூட வாங்காதீர்கள், கியர் ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டு கோளாறாக இருக்கலாம். கேஜில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரித் தெரிந்தால் ரேடியேட்டர் உள்ளே உடைந்து கூலண்ட் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது.

விரைவுப்பறவை:
எதற்கு இவ்வளவு யோசனை? மெஷின் போட்டு ஃப்ளஷ் அடித்துவிட்டால் ஒரே மணி நேரத்தில் மொத்தமும் புது ஆயில். வழுக்கலுக்குப் பாட்டிலில் மருந்து விற்கிறது, அதையும் ஊற்றுங்கள்.

நான்காம்_கியர்:
வேண்டவே வேண்டாம். ஸ்பானர் அண்ணன் சொன்ன அழுக்கு கிளம்புகிற கதை உண்மையில் நடப்பது இங்கேதான். உள்ளே இருக்கும் வடிகட்டி, பாக்ஸைப் பிரித்தால்தான் கைக்கு வரும். அதை மாற்றாமல் மெஷின் ஓட்டினால் கிளம்பிய அழுக்கெல்லாம் எங்கே போகும்?

ஸ்பானர்_கை:
இந்த ஒரு விஷயத்தில் நானும் தம்பியும் ஒரே கட்சி. பாட்டில் மருந்தைப் பற்றி நான் பேசினால் மட்டுறுத்துநர் என்னைத் தூக்கிவிடுவார்.

நான்காம்_கியர்:
நான் சொல்வது வடித்து ஊற்றும் முறை. மொத்தம் ஏறக்குறைய 6 லிட்டர். போல்ட்டைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வடியும், மீதி, இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் மாட்டிக்கொள்ளும். முதல் தடவைக்குப் பிறகு 58 சதவீதம் பழையது இருக்கும். இரண்டாவதில் 34, மூன்றாவதில் 20. ஒவ்வொன்றுக்கும் நடுவே 500, 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பாக்ஸுக்கு ஒரேயடியாக அதிர்ச்சி இருக்காது. முதல் தடவையிலேயே வழுக்கல் கூடினால் அங்கேயே நிறுத்தலாம். ஆயில் ஹோண்டாவின் டிடபிள்யூ-1தான். அவர்களுடைய பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக வந்தது, இரண்டும் கலந்தால் பிரச்சினை இல்லை. 2003இல் வந்த பழைய சிட்டி சிவிடி (தனித்தனி கியர் இல்லாத, பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், இது உங்களுக்கு இல்லை. சிவிடிக்கு ஆயிலே வேறு.

ஸ்பானர்_கை:
இப்படிச் சொட்டுச் சொட்டாகச் செய்வது என்றால் எனக்கும் பெரிய ஆட்சேபணை இல்லை. ஒரு நிபந்தனை. வடிகிற போல்ட்டில் காந்தம் இருக்கும். அதில் இருப்பது மைபோன்ற சேறு என்றால் மேலே போங்கள். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் வடித்ததையே வடிகட்டி ஊற்றி, வண்டியை விற்கிற வழியைப் பாருங்கள்.

நான்காம்_கியர்:
சில்லு இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கட்டும், அண்ணே.

ஸ்பானர்_கை:
சரி, சொல்லிவிட்டே விற்கட்டும்.

தாம்பரத்தான்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்ன மாதிரியே அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. 'டி' விளக்கு மினுக்கவில்லை. இன்ஜின் மவுண்ட் ஒன்று கிழிந்து தொங்கியது, மாற்றியதும் 'டொக்' முக்கால்வாசி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானே கீழே படுத்தேன். போல்ட்டின் தலையில் சதுரத் துளை. சாக்கெட்டே வேண்டாம், ராட்செட்டின் முனை அப்படியே உட்கார்ந்தது. வடிந்தது 2.4 லிட்டர், கருகின வாடை லேசாக. காந்தத்தில் கண்மை மாதிரிச் சாம்பல் நிறச் சேறு, நகத்தால் வழித்தால் வந்தது, சில்லு இல்லை. புது வாஷர் போட்டு 49 நியூட்டன் மீட்டரில் முறுக்கி, வடிந்த அளவே ஊற்றினேன். 600 கிலோமீட்டர் கழித்து நேற்று இரண்டாவது தடவை. இந்த முறை வடிந்தது கட்டஞ்சாயா நிறம்.

2-3 எகிறல் இப்போது நெரிசலில் சூடான பிறகு மட்டும்தான், அதுவும் 200 தாண்டுவதில்லை. ஆனால் காலை ரிவர்ஸ் தாமதம் அப்படியே இருக்கிறது.

ஸ்பானர்_கை:
அது சீல் ரப்பர் இறுகியதாக இருக்கும். ராத்திரியில் ஆயில் கீழே இறங்கிவிடும், காலையில் பிரஷர் ஏற நேரம் எடுக்கும். எத்தனை தடவை வடித்தாலும் அது போகாது. ரிவர்ஸ் போட்டு, பிரேக்கை மிதித்தபடி இரண்டு வினாடி பொறுங்கள். பிடித்த பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடுங்கள். பிடிப்பதற்கு முன்னால் ரேஸ் கொடுத்தால்தான் பிளேட் எரியும்.

நான்காம்_கியர்:
ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது தடவையை விட்டுவிடாதீர்கள்.

தாம்பரத்தான்:
அடுத்த மாதம் செய்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்பானர் அண்ணே, உங்கள் பட்டறைக்கே கொண்டுவரட்டுமா?

ஸ்பானர்_கை:
வாங்க. ஆயிலை நீங்களே வாங்கி வந்துவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நான்காவது திட்டு எனக்கு வேண்டாம்.