பலகாரப் பெட்டி அச்சு: மூன்று அச்சகத்தில் மூன்று விலை, மாதிரியில் கலரும் எழுத்தும் சரியில்லை. என்ன செய்யலாம்?

செக்காலை பலகாரம்:
வணக்கம். காரைக்குடி செக்காலையில் அம்மாவும் நானும் பலகாரம் செய்து விற்கிறோம். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம். இதுவரை வெள்ளைப் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுத்தோம். இந்தத் தீபாவளிக்கு முதல்முறையாக எங்கள் பெயர் போட்ட அரைக் கிலோ பெட்டி 3,000 அடிக்க ஆசை. ஆடி முடியப் போகிறது, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

பெட்டியைச் சுற்றி விளிம்பு வரை கண்டாங்கிச் சேலைக் கட்டம், அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும். மேலே தமிழில் பெயர். போட்டோ எதுவும் கிடையாது. சித்தப்பா மகன் வரைந்து கொடுத்தான். நான்கு கலர் அச்சு என்று சொல்லி மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் பெட்டிக்கு 14 ரூபாய் என்றார், ஒருவர் 19, இன்னொருவர் 26. எதை நம்புவது என்று தெரியவில்லை.

பழுப்பு கிராஃப்ட் அட்டையில் ஒரு மாதிரி அடித்து வாங்கினேன். செல்போனில் பளிச்சென்று இருந்த அரக்கு, அட்டையில் செம்மண் மாதிரி மங்கிவிட்டது. 'மனகோலம்' என்பதில் 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. மடிப்பில் கலர் வெடித்து அடியில் இருக்கும் அட்டை கோடாகத் தெரிகிறது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சிவகாசி ஆஃப்செட்:
தங்கச்சி, மூன்று பேருமே சரியான விலை சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று பேரும் ஒரே பெட்டிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் பின்பக்கம் சாம்பல் நிறமான டூப்ளெக்ஸ் அட்டையை 250 ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்ற கணக்கு) நினைத்திருப்பார். இன்னொருவர் உள்பக்கமும் வெள்ளையான அட்டை, 300 ஜிஎஸ்எம், மேலே பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம், அதாவது மேட் லேமினேஷன் என்று கணக்குப் போட்டிருப்பார். டை (அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டும் அச்சு) செய்யும் கூலி, ஒட்டும் கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி, இவற்றில் எது உள்ளே எது வெளியே என்று கேட்டீர்களா? ஒரே தாளில் பெட்டியின் நீளம், அகலம், உயரம், அட்டை, எத்தனை கலர், லேமினேஷன், ஒட்டித் தர வேண்டுமா, எந்தத் தேதிக்கு, எந்த ஊரில் இறக்க வேண்டும் என்று எழுதி மூன்று பேருக்கும் அதையே அனுப்புங்கள். அப்புறம் வரும் விலையைத்தான் ஒப்பிட முடியும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியின் அளவை எப்படி முடிவு செய்தீர்கள்? பலகாரத்தை அடுக்கிப் பார்த்தீர்களா? அரைக் கிலோ அதிரசம் அடைக்கும் இடம் வேறு, அரைக் கிலோ மனகோலம் அடைக்கும் இடம் வேறு. அச்சகத்தில் வெற்று அட்டையில் ஒரு டம்மி வெட்டித் தரச் சொல்லுங்கள். நிரப்பி மூடி, பைக்கில் வைத்துத் தேவகோட்டை வரை போய் வந்து திறந்து பாருங்கள். சீப்புச் சீடை உள்ளே ஆடி உடைந்திருந்தால் பெட்டி பெரிது.

கலர் விஷயம். உங்கள் டிசைனில் போட்டோ இல்லையே, பிறகு ஏன் நான்கு கலர்? நான்கு கலரில் அரக்கு என்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து வருவது. மெல்லிய கட்டக் கோட்டில் ஒரு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடு) கொஞ்சம் விலகினாலும் விளிம்பு மங்கும். அரக்கைத் தனி மையாகக் கலந்து ஒரு பிளேட், மாம்பழ மஞ்சள் ஒரு பிளேட், எழுத்துக்குக் கறுப்பு ஒன்று. மூன்றோடு முடிந்தது, கோடும் கூர்மையாக நிற்கும். கிராஃப்ட் அட்டையை விட்டுவிடுங்கள். ஆஃப்செட் மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் பழுப்பு தெரியத்தான் செய்யும். வெள்ளை அட்டைதான் உங்கள் அரக்குக்கு.

மடிப்பு வெடிப்பதற்கு அட்டையின் நார் ஓடும் திசை ஒரு காரணம். முக்கியமான மடிப்புகள் நாரோடு போகிற மாதிரி தாளில் பெட்டியை அமைக்கச் சொல்லுங்கள். முதலில் லேமினேஷன், அதற்குப் பிறகு கிரீஸிங், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்துவது. அடர்ந்த கலரை லேமினேஷன் இல்லாமல் மடித்தால் எளிதில் வெடிக்கும்.

புதுக்கோட்டை டிடிபி:
கொம்பு இடம் மாறியது சாஃப்ட்வேர் கோளாறு. யூனிகோடில் தட்டியதை இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். எழுத்து சரியாக வந்தபின் எல்லாவற்றையும் கர்வ் ஆக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். அச்சகத்தில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. ஆனால் கர்வ் ஆக்கினால் பிறகு திருத்த முடியாது, மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் விளிம்பு வரை போகிறது என்றீர்கள், வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக ஓட விடுங்கள். இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியும்.

தேவகோட்டை மசாலா:
அக்கா, நான் மசாலாப் பொடி போடுகிறேன். முதல் தடவை பட்டது, அதனால் சொல்கிறேன். லேபிளில் தமிழ் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், சேர்மானங்கள், சத்து விவரம், நிகர எடை, எம்ஆர்பி, முகவரி, புகார் சொல்ல போன் நம்பர். இதற்கெல்லாம் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டு அப்புறம் கண்டாங்கிக் கட்டத்தை வரையுங்கள். நான் கடைசியில் திணிக்கப் போய் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

தேதி, பேட்ச் (எந்த ஈட்டில் செய்தது என்ற எண்), விலை மூன்றையும் அச்சில் ஏற்றாதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பிறகு முத்திரை குத்துங்கள்; லேமினேஷன் மேல் ஒட்டும் மையா என்று முதலில் தேய்த்துப் பாருங்கள். 500 பவுச்சில் நான் குத்திய தேதி விரல் பட்டதும் அழிந்து, எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பலகாரம் நேரடியாக அட்டையைத் தொடக் கூடாது. எண்ணெய் ஊறி வெளியே கறை வரும். உணவுத் தரப் பவுச்சில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

செக்காலை பலகாரம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டம்மி வாங்கி நிரப்பிப் பார்த்தோம். அதிரசம் பெட்டிக்குள் அடங்கவே இல்லை. மனகோலத்துக்கு அதே பெட்டியில் இரண்டு விரல் இடம் மிச்சம். உயரத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்து, அதிரசத்தை வேறு பெட்டியில் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். தாளில் எழுதி அனுப்பியதும் விலை 18, 19, 21 என்று நெருங்கி வந்துவிட்டது. அண்ணே, 3,000க்குப் பதில் 5,000 அடித்தால் இன்னும் குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

சிவகாசி ஆஃப்செட்:
குறையும், உண்மைதான். பிளேட்டும் டையும் மெஷின் ஏற்றும் கூலியும் எத்தனை அடித்தாலும் ஒன்றுதான். ஆனால் முதல் வருஷம் 3,000 போதும். முகவரியோ எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணோ மாறினால் மிச்சப் பெட்டி குப்பைதான். டை உங்கள் காசில் செய்வது, அதைப் பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள். அடுத்த வருஷம் அதே டையில் அடிக்கலாம்.

ஆனால் தேதியைத் தள்ளாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்கு இங்கே சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்தாயிற்று, ஆர்டர் வர ஆரம்பித்துவிடும், இனி டிசம்பர் வரை மெஷின் காலியாக இருக்காது. புரூஃபை (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) இந்த வாரமே வாங்குங்கள். அரக்கு சரியா என்று அம்மாவின் கண்டாங்கிச் சேலையைப் பக்கத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செக்காலை பலகாரம்:
சரி அண்ணே. சேலையை அம்மா இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.